அழிக்கச் சொன்ன பெட்டி

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரே, உங்கள் அலட்சியத்தால் என் மனைவியின் குரலை இழக்க இருந்தேன்.

அவள் இறந்தபின் வீட்டில் நான் மட்டும்தான். அவளுடைய வீடியோக்கள் இன்டர்நெட் மோடத்தோடு ஒயரில் இணைத்த சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. தினமும் டிவியில் பார்ப்பேன். புது மோடம் மாட்டிய பிறகு எதுவும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டா சரியாயிருங்க" என்றீர்கள்.

சவுதியில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். "அப்பா, தொட விடாதீங்க. ஒயரு எந்த மோடத்துல இருக்குன்னு வீட்டுல போயிப் பாருங்க" என்றான்.

பெட்டியோடு வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒயர் பழைய மோடத்திலேயே இருந்தது. புது மோடத்தில் மாற்றிச் சொருகினேன்.

"இங்கிட்டு என்னத்தப் படம் புடிக்கிறீங்க? போயி எலையப் போடுங்க" என்று டிவியில் என் மனைவி திட்டினாள்.

இப்போது இன்னொரு டிஸ்க்கிலும் நகல் வைத்திருக்கிறேன். அழிக்கச் சொல்லும் முன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை? இந்தக் கடிதம் வரும் இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.