நாங்கள் போகாத குகை

பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஒரு கோட்டையையும், பல நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு கிராமத்தையும், ஆதிமனிதர் வாழ்ந்த ஒரு குகையையும் நான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், எட்டு வயதில் மொன்றியலுக்கு வந்தபோது, என்னிடம் சொல்வதற்கு இருந்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

மட்டக்களப்பிலிருந்து என்னை அழைத்து வந்தவர் தாய்மாமா. கனடாப் பயணம் சரிவரும்வரை, தென்பிரான்சில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய அவருடைய நண்பரின் அறையில் தங்கினோம். ஞாயிறுகளில் நண்பர் முதலாளியின் வான் வண்டியை இரவல் வாங்கி எங்களைச் சுற்றிக்காட்டினார். கோட்டைக் கிணற்றில் மாமா கல்லைப் போட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். கிராமத்துச் சந்தில் இரு கைகளையும் விரித்து இருபுறச் சுவர்களையும் தொட்டார். குகைக்குள், செம்மண்ணால் தீட்டிய காட்டெருமையைக் கண்டதும் உரக்கச் சிரித்தார்.

"இது நம்மட ஊர்ப் படுவான்கரை எருமையெல்லோ! இஞ்ச எப்படி வந்தது?"

வழிகாட்டி முறைத்தார். மாமா அவரைப் பார்த்தும் சிரித்தார்.

மொன்றியலில், வில்லரே என்ற பகுதியின் நிலக்கீழ் வீடொன்றில் நாங்கள் இருவர். மாமா வேலைக்குப் போனால் நான் ஒருத்தி. அம்மாவும் அப்பாவும் ஊரிலேயே இருந்தார்கள். பள்ளியில் எவரும் என்னோடு பேசவில்லை. ஒருநாள் ஆசிரியை ஒரு குகை ஓவியத்தின் படத்தைக் காட்டினார். அதே காட்டெருமை. நான் எழுந்து, தெரிந்த சில பிரெஞ்சுச் சொற்களாலும் கைகளாலும், அங்கே போயிருக்கிறேன் என்று விளக்கினேன். இடைவேளையில் ஹெயிட்டிச் சிறுமி ஒருத்தி என் கையைக் கோத்துக்கொண்டு, குகை மிகவும் இருட்டா என்று கேட்டாள்.

அன்று மாலை மாமாவிடம் பெருமையோடு சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"ஆரிட்ட சொன்னாய்?"

"டீச்சரிட்ட. எல்லாருக்கும் கேட்டது."

"நாம அங்க போகல்ல, மகள். விளங்குதா?"

"போனம்தானே மாமா! நீங்க எருமையப் பார்த்துச் சிரிச்சீங்க."

"கனாக் கண்டிருப்பாய். சாப்பிடு."

மறுநாள் அவர் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தார். பிள்ளை புத்தகத்தில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள், நாங்கள் பிரான்சுக்கே போனதில்லை என்று உடைந்த ஆங்கிலத்தில், வகுப்பார் எல்லோர் முன்னாலும், ஆசிரியையிடம் சொன்னார். ஆசிரியை என் தலையைத் தடவினார். பொய் சொல்லும் குழந்தையை மன்னிக்கிற தடவல் அது. ஹெயிட்டிச் சிறுமி வேறு மேசைக்கு மாறிப் போனாள். நெடுநாள் நான் மாமாவோடு கதைக்கவில்லை.

எங்கள் அகதி விண்ணப்பத்தில் பிரான்ஸ் இல்லை என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்பே அறிந்தேன். அங்கே தங்கியது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அம்மாவையும் அப்பாவையும் அழைக்க வழியிராது என்று மாமா அஞ்சியிருக்கிறார். அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்று இன்றும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை. அவர் அதன்பின் எங்கும் சுற்றுலா போனதில்லை. ஆசிரியையின் முன்னால் நின்றபோது, என் ஒரே தோழி போய்விட்டாள் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. தம் வாழ்வின் ஒரே விடுமுறையை மாமா தம் வாயாலேயே இல்லையென்று ஆக்கிக்கொண்டிருந்தார் என்பது தெரியவில்லை.