கால் நீட்ட ஒரு திசை

ராஜகீழ்ப்பாக்கம் காந்திமதிக்கு வலது கால் கெட்டுப்போனது இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு. முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாக, மண்புழு நெளிந்ததுபோல் புடைத்துக்கொண்டது. அவளும் என்ன செய்வாள், பாவம்! தாம்பரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இஸ்திரி போடுகிற வேலை. காலையில் மேஜை முன்னால் நின்றால் சாயங்காலம்தான் நகரலாம். உட்கார ஸ்டூல் கேட்டதற்கு, வீட்டிலேயே போய் உட்காரச் சொன்னான் சூப்பர்வைசர். அக்கம்பக்கத்தார் சொன்ன தைலத்தையெல்லாம் போட்டு நீவிப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, கடைசியில் புண்ணாகிவிட்டது.

தொண்ணூற்றொன்றில் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் பொறுமைசாலி. இது நரம்பே இல்லை, ரத்தக்குழாய். மேலே ஏறுகிற ரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்க உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் உண்டு, அவை தளர்ந்துபோய் ரத்தம் காலிலேயே தேங்குகிறது என்று படம் போட்டுக் காட்டினார். போட்டு நீவக் கூடாது. படுக்கையை விட்டு இறங்குமுன் பாதத்திலிருந்து முட்டிவரை கிரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும். மூன்று வேளையும் அரைமணி நேரம் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும்.

"ஆபரேஷன் அப்புறம் பாக்கலாம். முதல்ல காலைத் தூக்கி வையுங்க. புண்கிட்ட குழாய் வெடிச்சா ரத்தம் லேசுல நிக்காது. அப்பவும் படுத்து, காலைத் தூக்கி, துணி வச்சு அழுத்திப் புடிக்கணும்" என்றார்.

பேண்டேஜைச் சுற்றிவிட்டாள். காலைத் தூக்குவதுதான் நடக்கவில்லை. இருப்பது ஒரே அறை. கிழக்கே சாமி படங்கள். மேற்கே மாமனார் வேதாசலத்தின் கட்டில். வடக்கே அடுப்பு. தெற்கே தெருவாசல், அந்தப் பக்கம் நீட்டினால் தலை வடக்கே போய்விடும். எந்தச் சாமிக்குக் காலைக் காட்டுவது, சொல்லுங்கள்!

வேதாசலம் கெட்டவரில்லை. ஆஸ்துமாக்காரர், கட்டிலை விட்டு எங்கே போவார்? மருமகள் உள்ளே வந்தால் தன் காலை மடக்கிக்கொள்கிறவர், முகம் பார்த்துப் பேசாதவர். டாக்டர் சொன்னதை அவள் புருஷன் தயாளனிடம் சொன்னபோது அவர் காதிலும் விழத்தான் செய்தது. மருமகள் காலைப் பற்றி மாமனார் எப்படிப் பேசுவார்? தயாளன்தான் ஆட்டோவைத் துடைத்தபடி, "அப்பா எதிர்லயா காலைத் தூக்கிகினு படுப்ப? நல்லாவா கீது?" என்றான். ஒருநாள் அவள் துணிந்து காலடியில் தலையணையை வைத்தாள். கட்டில் கிரீச்சிட்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தயாளன் சவாரிக்குப் போயிருந்தான். பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்தார்கள். பேண்டேஜை அவிழ்த்து வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவள் புண்ணின் பொருக்கை லேசாகச் சொறிந்தாள். அவ்வளவுதான், ரத்தம் பீச்சியடித்தது. பதறிப்போய்த் தரையில் உட்கார்ந்து முந்தானையால் பொத்தினாள். படுக்க வேண்டும், காலைத் தூக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்து என்ன? எதிரே மாமனார் இருந்தார். காலை மடக்கிப் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். புடவை நனைந்து தரையெல்லாம் சிவப்பானது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வேதாசலம் வாசலைப் பார்த்து, யாராவது வாங்கம்மா என்று கூவிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. பிறகு கட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்தார். அவளைத் தரையில் சாய்த்து, அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, துண்டால் புண்ணை அழுத்தினார்.

வெட்கத்தில் காந்திமதிக்கு உடம்பே குன்றிப்போயிற்று. காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"வேணாம் மாமா. விடுங்க. எனக்குப் பாவம் சேரும்."

அவள் இழுக்கும்போதெல்லாம் துண்டு விலகி ரத்தம் அவர் மார்பில் வழிந்தது. அவருக்கு மூச்சு இரைத்தது.

"இழுக்காதம்மா," என்றார் கடைசியில். "நான் கெழவன். புடிச்சுக்க முடியல."

அவள் இழுப்பதை விட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, யாராவது வரமாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.