அதிக ஆவரேஜ் யாருக்கு

பேஸ்பாலில் பத்து முறை அடிக்க நின்று மூன்று முறை ஹிட் அடித்தால் அவன் பெரிய ஆட்டக்காரன். ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில் அதை அந்த ஆட்டத்தில் 'முந்நூறு' என்பார்கள். இது எனக்குத் தெரியாமல் இருந்த காலத்தில்தான் நாங்கள் பிளசன்டன் என்ற ஊருக்குக் குடிவந்தோம்.

என் கணவரின் மேனேஜர் ஒரு பேஸ்பால் பைத்தியம். அவரோடு லஞ்சுக்கு உட்காருபவர்களுக்குத்தான் நல்ல ப்ராஜெக்ட் போகிறது என்பதை இவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். லைப்ரரியில் கழித்துப் போட்ட புத்தகங்களிலிருந்து ஒரு தடித்த புள்ளிவிவரப் புத்தகத்தை எடுத்துவந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். யார் வாழ்நாள் முழுவதும் எத்தனை ஹிட் அடித்தார், யாருக்கு எத்தனை ஹோம் ரன், யாருடைய ஆவரேஜ் கடைசி வரை இறங்கவே இல்லை, எல்லாம் மனப்பாடம். காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, அன்று மேனேஜரிடம் சொல்லப்போகும் வரியை ஒத்திகை பார்ப்பார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுகூட ஒத்திகையில் உண்டு. என்னையும் கூப்பிட்டு, "இது சரியா வருதா பாரு, நம்ம ஆக்சென்ட் தெரியுதா?" என்று கேட்பார். நான் திருத்தியிருக்கிறேன். அப்போது எனக்கு அவர்மேல் பாசமாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் ஒன்றில், நண்பர் வீட்டில், பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒருத்தருக்குக் கரியர் ஆவரேஜ் முந்நூறு. பத்து தடவை அடிக்க வந்தா எத்தனை தடவை அவுட் ஆவாரு?"

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள். "ஆவரேஜ் முந்நூறுன்னா அவரு அவுட்டே ஆகமாட்டாரே," என்றேன்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பிறகு அது அவருக்கு ஒரு நிகழ்ச்சி ஆகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்டு முடித்ததும், "இருங்க, இவகிட்ட ஒரு பேஸ்பால் கேள்வி கேக்கறேன்" என்று ஆரம்பிப்பார். என் பழைய பதிலை என் குரலிலேயே நடித்துக் காட்டுவார். அறிமுகமே இல்லாதவர்கள்கூட என்னைப் பார்த்ததும், "ஓ, அந்த முந்நூறு ஆவரேஜ் நீங்கதானா ஆன்ட்டி?" என்றார்கள்.

ஒருநாள் திரும்பி வரும்போது காரில் சொன்னேன். "எல்லார் முன்னாடியும் அதைக் கேக்காதீங்க. எனக்குப் பிடிக்கல."

"ஜோக்குடி. எல்லாத்தையும் ஏன் சீரியஸா எடுத்துக்கற?" என்று சொல்லிவிட்டு ஃப்ரீவேயில் லேன் மாற்றினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, மகளைப் பியானோ வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கும் நேரத்தில் ஃபோனில் படித்தேன். விதிகளில் தொடங்கினேன். நாலு தப்பான பந்துக்காக அடிக்காமலே 'வாக்'கில் போனால் அது ஆவரேஜ் கணக்கில் சேராது என்று தெரிந்துகொண்டபோது பிடித்துப்போனது. பிறகு பழைய ஆட்டக்காரர்கள். அப்படிப் படிக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. கறுப்பர்களைப் பெரிய லீகுகளில் சேர்க்காத காலத்தில் அவர்கள் தனி லீகுகளில் ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் கணக்கை வெகுகாலம் கழித்து, அண்மையில்தான் பொதுக் கணக்கோடு சேர்த்திருந்தார்கள். அதனால் வாழ்நாள் ஆவரேஜ் பட்டியலில் முதலிடத்துப் பெயரே மாறிவிட்டது. இவருடைய புத்தகம் அதற்குப் பல வருடம் முந்தியது. இவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.

வசந்தத்தில், ஆட்டங்கள் தொடங்கியதும், எங்கள் வீட்டுப் பின்கட்டில் பார்ட்டி வைத்தார். மேனேஜரும் அவர் மனைவியும் வந்தார்கள். இவருடைய டீம் முழுக்க வந்திருந்தது. கிரில்லில் சோளம் வெந்துகொண்டிருந்தபோது, நான் எதிர்பார்த்தபடியே, இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: வாழ்நாள் ஆவரேஜில் முதலிடம் யாருக்கு?

நான் அந்தக் கறுப்பு ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னேன்.

இவர் சிரித்தார். "பாத்தீங்களா?" என்று தமிழில் சொல்லிவிட்டு, புத்தகத்தில் இருந்த பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் பியரைக் கீழே வைத்தார்.

"ஆக்சுவலி, ஷி இஸ் ரைட்," என்றார் தயக்கத்துடன். "தே சேஞ்ச்டு இட்."

இவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் படித்தது பழைய புத்தகம் என்று சொன்னேன். அதை எப்படிப் படித்தார் என்று சொன்னேன். கண்ணாடி முன் நின்று மேனேஜரிடம் பேச வேண்டிய வரிகளை ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். சொன்னது மட்டுமல்ல, எழுந்து நின்று அவர் குரலில் நடித்தேன். புருவம் தூக்கும் இடம், சிரிக்கும் இடம், ஆக்சென்ட் சறுக்கும் இடம். எனக்கு எல்லாமே தெரியும், திருத்திக் கொடுத்தவள் நான்தானே.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் கிரில் பக்கம் திரும்பி, கருகிப்போன சோளத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றும் மறுநாளும் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அவர் என்னிடம் சண்டை போடவில்லை. ஒரு வாரம் கழித்து, காபி குடித்துக்கொண்டே, "ஆபீஸ்ல எனக்குப் பேர் வெச்சிருக்காங்க," என்றார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. இன்னும் சில வாரங்களில், லஞ்சுக்கு டப்பா கட்டித் தரச் சொன்னார். இனி தன் டெஸ்கிலேயே சாப்பிட்டுவிடுவதாகச் சொன்னார். இலையுதிர் காலத்துக்குள் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அது சின்ன வேலை.

நான் நிறுத்தினேனா என்றால், இல்லை. அடுத்த பாட்லக்கில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "அக்கா, அந்தக் கண்ணாடி கதையைச் சொல்லுங்க" என்றார்கள். அவர் பக்கத்து அறையில் இருந்தார். கதவு திறந்திருந்தது. சொன்னேன். பக்கத்து ஊர் சான் ரமோனில் ஒரு வீட்டில் மறுபடியும் சொன்னேன்.

அன்று வீடு திரும்பியதும் பத்து வயது மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஹி ஹேர்டு யூ."

"அப்பா எனக்கு எத்தனை தடவ பண்ணாரு, உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஐ நோ," என்றாள். "ஐ வாஸ் தேர் டூ. யூ போத் ஆர் ஹாரிபிள்."

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே இவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மாடிக்கு வரும் சத்தம் கேட்டதும் நான் படிப்பதுபோல் ஃபோனை எடுத்துக்கொண்டேன்.