விருந்தாளியிடம் 'முடியாது' சொல்லத் தெரியாத ஹம்மு

அல்ஜீரியப் பாலைவனத்தில் இருக்கும் எங்கள் பெனி இஸ்கென் ஊரில் வெளியாட்கள் தனியாக நடக்கக் கூடாது. ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போக வேண்டும். ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது, சிகரெட் பிடிக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே ஹம்முவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஊர் வாசல் பலகையிலும் எழுதித்தான் வைத்திருக்கிறது. எவன் படிக்கிறான்?

பேரீச்சந்தோப்பில் மரமேறிக்கொண்டிருந்தவர் ஹம்மு. முழங்கால் மக்கர் செய்த பிறகு வழிகாட்டியானார். வேலையில் சுத்தமான ஆள். ஒரே ஒரு குறை. வீட்டில் தெருவுக்கே கேட்கும்படி அதட்டுவார், விருந்தாளியிடம் 'முடியாது' என்று சொல்ல மட்டும் வாய் வராது. ஊரில் எல்லாருக்கும் இருக்கும் வியாதிதான், அவருக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

அன்று அவருடைய மகள் ஸுலீகா தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வர வேண்டிய நாள். புகுந்த வீடும் அதே ஊர்தான், நடந்தே வந்துவிடலாம். ஆனால் போன மாதம் எவனோ ஒருவன் பின்னாலேயே வந்து படம் எடுத்ததிலிருந்து அவள் வீட்டைவிட்டே இறங்கவில்லை.

"பயப்படாம வாம்மா. கிணத்துச் சந்துப் பக்கம் நாளைக்கு ஒருத்தனையும் கூட்டிட்டு வரமாட்டேன்" என்று முந்தின நாள் ஹம்மு நேரில் போய் வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று பார்த்து வாய்த்தவர்கள் தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து வந்த ரெத்வானும் அவன் மனைவி வஸீலாவும்.

"சொந்த நாட்டுல தெருவுல நடக்கக் காவலுக்கு ஆளா அண்ணே? நல்ல கூத்து!" என்றான் ரெத்வான்.

"உங்க வீட்டுக்குள்ள நான் கதவைத் தட்டாம வந்தா சும்மா விடுவீங்களா தம்பி? ஃபோனைப் பையில வைங்க."

வைத்தான். பத்தடி தாண்டியதும் மறுபடி கையில் இருந்தது. ஹம்மு மறுபடி சொன்னார். மலையுச்சிக் காவல் கோபுரத்துக்குக் கிணற்றுச் சந்து வழியாகப் போகாமல் சுற்றுவழியில் கூட்டிப்போனார். பாதியில் வஸீலா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. குறுக்குவழி ஒண்ணும் இல்லையா?"

"இருக்கும்மா. ஆனா இன்னைக்கு..."

"இருக்குல்ல? அப்புறம் என்ன அண்ணே?" என்றான் ரெத்வான். "உங்க ஊருக்கு வந்த பொம்பளையை இப்படியா அலைய விடுவீங்க?"

ஹம்முவைச் சாய்க்க அந்தச் சொல் போதும். மகள் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கிணற்றுச் சந்தில் திரும்பினார்.

அவள் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கப்படி வெள்ளைப் போர்வைக்குள் ஒற்றைக் கண் மட்டும் தெரிய, துணைக்கு வந்த மாமியாரோடு, மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே வந்தாள். போர்த்தியிருந்தால் என்ன, மகளின் நடை அப்பனுக்குத் தெரியாதா? ஆட்களைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ரெத்வான் ஃபோனைத் தூக்கினான்.

"வேண்டாம்! கீழ இறக்குங்க!"

"முகமே தெரியலையே அண்ணே. ஒண்ணே ஒண்ணு... அவ்வளவுதான், எடுத்தாச்சு."

"அழிங்க. இப்பவே அழிங்க."

"ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க? யாரு அது, உங்க சொந்தமா?"

வீட்டுப் பெண்ணை அந்நிய ஆணுக்கு அடையாளம் காட்டுவது எங்கள் ஊரில் மானக்கேடு.

"யாரா இருந்தா உங்களுக்கென்ன? ஊர்ப் பொண்ணு. அழிங்க."

அழித்துவிட்டேன் என்று சிரித்தான் ரெத்வான். அழித்தானோ இல்லையோ, யார் கண்டது? பிடுங்கிப் பார்க்க ஹம்முவுக்குக் கை நீளவில்லை. விருந்தாளியாயிற்றே! திரும்பிப் பார்த்தபோது சந்தில் பெண்களைக் காணோம்.

இருவருக்கும் கோபுரத்தைக் காட்டி, ஊர் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மகளுக்காகப் போட்ட மெத்தை கசங்காமல் கிடந்தது. மனைவி பாயா முகம் கொடுக்கவில்லை.

"வரலையா?"

"பாதி வழியில திரும்பிப் போயிட்டா. சம்பந்தியம்மா வந்து சொல்லிட்டுப் போறாங்க. அங்கேயே பெத்துக்கிறாளாம்."

"என் பொண்ணுன்னு அவன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? அது அவளுக்குத் தெரியாதா?"

"அதுக்கு அவ கோபப்படலை. அந்தச் சந்துக்கு யாரையும் கூட்டிட்டு வரமாட்டேன்னு வாக்குக் குடுத்தது யாரு?"

பாயா மெத்தையைச் சுருட்டத் தொடங்கினாள்.

"இன்னொண்ணும் சொல்லி அனுப்பியிருக்கா. 'மகளாக் கேட்டா அப்பா காதுல ஏறாது. இனிமே வெளியூர்க்காரியா வந்து கேக்குறேன், கேட்டதெல்லாம் செய்வாரு'ன்னு."