அவல் மாதிரி விழுந்த தூள்

எங்கள் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே, ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே இருப்பது சில்வர் ஓக் மரத்தின் தூள். தூள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவல் மாதிரி தட்டையாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கிற சீவல். வருகிறவர்கள் ஏதோ நாட்டு மருந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மருமகள் ஒரு தடவை அதைக் குப்பையில் கொட்டப் போனாள். "அதைக் கொட்டினா இந்த வூட்ல நான் சோறு தின்ன மாட்டேன்" என்று நான் போட்ட சத்தத்தில் அப்படியே வைத்துவிட்டாள். என் மனைவி அன்றைக்கு அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. அது யார் வெட்டிய மரத்தின் தூள், எந்த மிஷினில் வெட்டியது என்று அவளுக்குத் தெரியும்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். டீக்கடைப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இவ்வளவு எழுதக் கற்றுக்கொண்டேன். ஆனால் வடக்கனந்தலில் தொடங்கி மேலே வெள்ளிமலை வரைக்கும் மரம் வெட்டுகிற எவனை வேண்டுமானாலும் நிறுத்தி, மிஷின் மேஸ்திரி யார் என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டுக்கு வழி சொல்லுவான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கோடாலியும் இழுப்பு ரம்பமுமாய் இருந்த காலத்தில் செயின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் மலை ஏறியவன் நான்தான். எவனிடமும் கற்றுக்கொள்ளவில்லை. மிஷினைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, நானாகவே தெரிந்துகொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒருத்தனைப் பார்த்தவுடன் கேட்கிற கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு வெட்டுவே என்பதுதான். பேர், ஊர், சாதி எல்லாம் அப்புறம். நான் மிஷின் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் லாரி நிறைய வேண்டும், நிறையும். பார்க்கிறவர்கள் அதைக் கைபலம் என்று நினைப்பார்கள். கைபலத்தில் வெட்டுகிறவன் மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்துவிடுவான். காலையில் முதல் மரத்தை எந்தப் பக்கம் சாய்த்தேனோ, அன்றைக்கு எல்லா மரத்தையும் அந்தப் பக்கமே சாய்ப்பேன். குறுக்கும் நெடுக்குமாய்ச் சாய்த்தவன் கிளையும் மிலாறும் தாண்டித் தாண்டியே பொழுதைப் போக்குவான். சரிவில் கீழே தொடங்கி மேலே ஏறுவேன். சாய்கிற மரம் வெட்டி முடித்த இடத்தில் விழும், நிற்கிற மரத்தில் மாட்டாது. எல்லாவற்றுக்கும் மேலே, மிஷினை மரத்தின் மேல் அழுத்த மாட்டேன். சும்மா வைத்தால் போதும், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி அதுவே இறங்கும். அப்போது காலடியில் தூள் அவல் அவலாக விழும். அவலாக விழுந்தால் ரம்பம் வெட்டுகிறது, மாவாகக் கொட்டினால் ரம்பம் தேய்க்கிறது. மரம் வெட்டுகிறவன் மரத்தைப் பார்ப்பதைவிடத் தன் காலடியை அதிகம் பார்க்க வேண்டும்.

இந்த வேலை ஜோடி வேலை. ஒருத்தன் வெட்ட வேண்டும், இன்னொருத்தன் அளவுக் குச்சியை வைத்து அடையாளம் போட்டு, மரம் சாயும்போது கழி கொடுத்துத் தள்ள வேண்டும். என் ஜோடி என் மச்சான். என் மனைவிக்கு நேர் இளையவன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்போதே அவன் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நல்ல வாய். "எங்க மாமா மிஷினைத் தூக்கினா மரம் தானா படுத்துக்கும்டா" என்று பட்டை உரிக்கிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பு மூட்டுவான். மூடு மழை இறங்கி மலைப்பாதை தெரியாமல் போன நாளில் என் இடுப்பில் கயிறு கட்டித் தன் இடுப்பில் மறுமுனையைக் கட்டிக்கொண்டு என்னைக் கீழே இறக்கியவன். அதை நான் மறைக்கப் போவதில்லை.

எங்கள் செட்டில் ஒரு சட்டம் உண்டு. மத்தியானம் வெட்டுகிறவன் சாப்பிட உட்காருவான். அந்த நேரத்தில் ஜோடிக்காரன் செயினுக்கு அரம் போட வேண்டும். அவன் சாப்பாடு அதற்கு அப்புறம்தான். மிஷினை இறக்கி வைத்த பிறகும் வெட்டியவன் கை வெகுநேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கையால் அரம் பிடித்தால் பல் கோணிப்போகும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். என் மிஷினின் பல்லை என்னைத் தவிர இன்னொருத்தன் தொடலாம் என்றால் அது மச்சான் மட்டும்தான் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவனும் நான்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செயினில் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டிப் பல் இருக்கும். அது வெட்டாது. வெட்டுப் பல் மரத்துக்குள் எவ்வளவு இறங்கலாம் என்று பிடித்து நிறுத்துவது அதுதான். அரம் போடப் போட வெட்டுப் பல் தாழ்ந்துகொண்டே வரும். அதற்குத் தக்க குட்டிப் பல்லையும் தேய்த்து இறக்க வேண்டும். இறக்காமல் விட்டால் வெட்டுப் பல் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தாலும் மரத்தைத் தொடாது, மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும்.

என் லோடு குறைய ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மாரியம்மன் திருவிழா முடிந்து வேலைக்குத் திரும்பிய சமயம் என்று நினைக்கிறேன். பழைய மாதிரியே வெட்டினேன், பழைய மாதிரி மரம் விழவில்லை. காலடியில் பார்த்தால் மாவு. கட்டைவிரலால் வெட்டுப் பல்லைத் தடவினால் கூராகத்தான் இருந்தது. குட்டிப் பல்லைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எனக்கு அப்போதே கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. தவிரவும், மச்சான் போட்ட அரத்தைச் சோதித்துப் பார்ப்பதா? பல் சரியாக இருக்கிறது, மரமும் அதே மரம், அப்படியென்றால் கெட்டுப்போனது நான்தான் என்று முடிவு கட்டினேன்.

கள்ளக்குறிச்சியில் மர டிப்போ வைத்திருந்த பாய்க்குத்தான் நாங்கள் வெட்டினோம். மரியாதையான மனிதர், என்னை மேஸ்திரி என்றே கூப்பிடுவார். ஒரு நாள் அவரே மலைக்கு வந்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, பொழுது போயிட்டுது, பாதி வண்டி காலியா நிக்குது? முன்னெல்லாம் லோடு ஜாஸ்தின்னு டிரைவர் சண்டைக்கு வருவான். இப்ப கம்மியாயிக்கினே போவுதே."

மச்சான்தான் முன்னால் வந்தான். "வுடுங்க பாய். மாமாவுக்கும் வயசாவுதில்ல. மனுசன் இன்னா இரும்பா?"

எனக்காகப் பரிந்து பேசுகிறான் என்று அன்றைக்கு என் கண் கலங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. டாக்டரிடம் போய்ச் சத்து ஊசி போட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் முன்னால் மலை ஏறி, எல்லோருக்கும் பின்னால் இறங்கினேன். புதுச் செயின் வாங்கிப் போட்டால் கொஞ்ச நாள் பறக்கும், நான் பழைய ஆள் ஆகிவிட்டேன் என்று குதிப்பேன், திரும்பவும் படுத்துக்கொள்ளும். "இப்ப வர்ற செயினெல்லாம் அப்படித்தான் மாமா, இரும்புல சாரம் இல்ல" என்பான் மச்சான். கடைசியில், அதுவரை செய்யாததைச் செய்தேன். மிஷினை மரத்தின் மேல் அழுத்த ஆரம்பித்தேன். நெஞ்சைக் கொடுத்து அழுத்தினேன். வெட்டாத ரம்பத்தை அழுத்தினால் அத்தனை அதிர்ச்சியும் கைக்குத்தான் வரும். விரல் நுனி வெளுத்தது, பிறகு மரத்தது. முன்பு டம்ளர்தான் எப்போதாவது கையிலிருந்து நழுவும். இப்போது சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்தியது.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில், ஒரு மலைக்காரரின் சாமைக் கொல்லை ஓரத்தில் சில்வர் ஓக் வெட்டிக்கொண்டிருந்தபோது மிஷின் பாதி மரத்தில் புகைந்து நின்றது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மிஷினை உருவி மச்சானிடம் நீட்டினேன். "இந்தா, இனிமே நீ புடி." வேணாம் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று பார்த்தேன். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாங்கினான்.

அடுத்த ஆடியில் அதே மலைக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது தூரத்தில் மிஷின் சத்தம் கேட்டது. பெற்ற பிள்ளையின் குரல் மாதிரி என் மிஷின் சத்தம் எனக்குத் தெரியும். ஆனால் நான் கடைசியாக விட்டுவந்த அழுகைச் சத்தம் இல்லை அது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது மிஷினை நிறுத்திவிட்டு மச்சான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். பட்டை உரிக்கிற அம்மாள் ஒருத்தி, "அட, பழைய மேஸ்திரி! வந்துட்டாருல்ல, மரமெல்லாம் தானா வுழும் பாரு" என்று சிரித்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றி அவல். வெள்ளை வெளேரென்று, கூடை கூடையாய் அள்ளலாம் போல அவல்.

அதற்குள் கண்ணாடி வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். போட்டுக்கொண்டு செயினைப் பார்த்தேன். அறுந்துபோய் நான் தட்டிச் சேர்த்த கண்ணி ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தது. அதே செயின். என் கையில் மாவு கொட்டிய செயின். குட்டிப் பல் ஒவ்வொன்றின் தலையும் தேய்த்து இறக்கிப் பளபளவென்று இருந்தது.

"மச்சான், இந்தக் குட்டிப் பல்லை எப்ப இறக்கின?"

அவன் வாயில் சோறு இருந்தது. "எங்கிட்ட வந்தப்புறம்தான் மாமா."

"எங்கிட்ட இருந்தப்போ ஏன் இறக்கல?"

சோற்றை விழுங்கினான். தண்ணீர் குடித்தான். "அக்காதான் மாமா சொல்லிச்சு. கை நடுங்குது, டம்ளர் கீழ வுழுதுன்னு அழுதுச்சு. நிறுத்துங்கன்னா நீங்க கேக்கற ஆளா? நீங்களா வுட்டுட்ற மாதிரி இன்னாவாவது பண்ணுடான்னுச்சு."

"குட்டிப் பல்லை இறக்காதேன்னு அக்கா சொல்லிச்சா?"

"அக்காவுக்குப் பல்லைப் பத்தி இன்னா தெரியும்?" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டான்.

நான் அடிக்கவில்லை. குனிந்து ஒரு பிடி அவலை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு இறங்கினேன். பஸ்ஸில் வரும்போது மடியில் அந்த முடிச்சு ஒரு பூனைக்குட்டி எடைகூட இல்லை.

மனைவி மழுப்பவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். உங்க கையைப் பாத்துக்கினு என்னால சும்மா இருக்க முடியுமா? வேலையை வுட்டு நிறுத்துடான்னேன். எப்படின்னு நான் கேக்கல."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே என் கைக்கு ஒரு தீர்ப்பு எழுதி, என் வாயாலேயே அதைப் படிக்க வைத்துவிட்டார்கள். காப்பாற்றத்தான் செய்தார்களாம். அந்த மாவு கொட்டிய நாளெல்லாம் நெஞ்சைக் கொடுத்து அழுத்தினேனே, என் கை முழுசாகப் போனது அதில்தான். நேரே வந்து, மாமா உங்க கை போவுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், மிஷினைத் தூக்கி ஓங்கியிருப்பேன். ஆனால் என் பலம் எது, என் பலவீனம் எது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

மச்சான் இப்போது பல மிஷின் வைத்து ஆள் விட்டு வெட்டுகிறான். பாய் டிப்போவுக்கு அவன்தான் மேஸ்திரி. அக்காவுக்காகத் தொடங்கியவன், மேஸ்திரி வேலைக்காகத் தங்கிவிட்டானா, இல்லை முதலிலிருந்தே வேலைக்காகத்தான் செய்தானா, நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு வந்து "நல்லா இருக்கீங்களா மாமா" என்பான். நான் சுவரைப் பார்ப்பேன்.

போன தையில் வந்தவன் என் பழைய மிஷினை வாசலில் வைத்துவிட்டுப் போனான். "மாமா மிஷினு மாமா வூட்லயே இருக்கட்டும்" என்று அக்காவிடம் சொன்னானாம். மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அரம் பிடித்த கையை முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வெட்டுப் பல், குட்டிப் பல் இரண்டும் பார்த்துப் பார்த்துத் தீட்டினேன். காலை முழுவதும் ஆயிற்று. இந்த வயதிலும் அப்படி ஒரு அரம் போட ஆள் கிடையாது. கொல்லையில் ஒரு வேப்பங்கட்டை கிடந்தது. பெட்ரோல் ஊற்றி, மிஷினை மிதித்துக்கொண்டு கிளப்புகிற கயிற்றை இழுத்தேன். பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தேன். விரலை விட்டுக் கயிறு நழுவிப் போயிற்று. மிஷினில் ஒரு குறையும் இல்லை. நானே பார்த்த மிஷின், நானே போட்ட அரம்.

பின்வாசலில் மனைவி நின்றிருந்தாள். "தம்பியை வரச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

மிஷினைத் துடைத்து, சாக்கில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

இன்றைக்கும் டீக்கடையில் சின்னப் பையன்கள் கேட்பார்கள், மேஸ்திரி, ஒரு நாளைக்கு எவ்வளவு வெட்டுவீங்க என்று. லாரி நிறைய என்பேன், கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் கடைசியாக எவ்வளவு வெட்டினீங்க என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அது மச்சான் விட்டுக்கொடுத்த அளவு. என் கையின் கடைசி அளவு என்ன என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சில நாள் அந்த ஊறுகாய் பாட்டிலைக் கையில் எடுப்பேன். நான் ஆட்டாமலே உள்ளே சலசலவென்று சத்தம் கேட்கும். இத்தனை வருஷம் இப்படி ஆடியும் ஒன்றுகூட உடையவில்லை, அடியில் துளி மாவு இல்லை. அத்தனையும் முழு அவல்.