பால் பையில் ஒரு முடிச்சு

எனக்கு வயது அறுபத்தொன்பது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, செத்துப்போன என் தங்கையின் பிள்ளை. ஐந்தையும் பால் பாக்கெட் போட்டே கரையேற்றினேன். ஒருத்தர் வாசலில் போய்க் கை நீட்டியது கிடையாது. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டுவேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இது நடந்தது சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடி மாதம், குரோம்பேட்டை பக்கம் அஸ்தினாபுரத்தில். அங்கே ஐந்து தெருவுக்கு நான்தான் பால் போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டு கிடையாது, எல்லாம் மனசில். எந்த வீட்டில் எத்தனை பாக்கெட் என்பதை வைத்தே வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவேன். ஒன்று கூடினால் விருந்தாளி. பச்சை பாக்கெட் வாங்குகிற வீடு நீலத்துக்கு இறங்கினால் யாருக்கோ வேலை போயிருக்கிறது. மாமியாரும் மருமகளும் தனித்தனியாகக் காப்பி போட ஆரம்பித்தால் அந்தத் தெருவில் முதலில் எனக்குத்தான் தெரியும். யாரைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் பால்காரம்மாவைக் கேளு என்பார்கள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஊருக்குப் போகிறவர்கள் அப்போதெல்லாம் பால் வேண்டாம் என்று சீட்டு எழுதி, கேட்டில் தொங்கும் பைக்குள் வைப்பார்கள். எனக்கு அதைப் படிக்க வராது. வராது என்று சொல்லவும் மனசு வராது. சீட்டெல்லாம் காற்றில் பறந்துவிடுகிறது, பால் வேண்டாமென்றால் பையின் காதில் ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள் என்று நானே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். நாளாக நாளாக பேப்பர்காரர், கீரைக்காரம்மா, அக்கம்பக்கம் எல்லோருக்கும் அது அடையாளமாகிவிட்டது. முடிச்சு இருந்தால் வீட்டில் ஆள் இல்லை.

மூன்றாவது தெருவின் கடைசி வீட்டில் ஒரு சார் தனியாக இருந்தார். ஏதோ ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சம்சாரம் காலமாகிவிட்டது, ஒரே மகள் பெங்களூரில். தினம் ஒரு நீல பாக்கெட். நான் போகிற நேரத்துக்கு வராந்தாவில் நின்றுகொண்டு வம்புக்கு இழுப்பார். ஒருநாள், இந்த முடிச்சு திருடனுக்கும் தெரிந்துவிடப் போகிறது என்றார்.

"உங்க வூட்டாண்ட வந்து திருடன் இன்னா சார் எடுப்பான், பாக்கெட் பாலா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை காலையில், மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், பெங்களூருக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும் என்றார். போனால் முடிச்சு போட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

"உன் உத்தரவு இல்லாம தெருவைத் தாண்டுவேனா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை வராந்தாவில் ஆளைக் காணோம். தூங்குகிறார் போல என்று பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டு வந்தேன். புதன்கிழமை போனால், நேற்றுப் போட்ட பாக்கெட் வெயிலில் உப்பிப்போய் அப்படியே கிடந்தது. கேட்டில் சங்கிலியும் பூட்டும். படிக்கட்டில் எப்போதும் இருக்கும் செருப்பைக் காணோம். விடிந்த பிறகும் வராந்தா விளக்கு எரிந்தது. திருடனுக்குப் பயந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போவது எல்லோரும் செய்வதுதான். திங்கட்கிழமை சொன்னார், கிளம்பிவிட்டார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

முடிச்சு மட்டும் இல்லை. பொருந்தாதது அது ஒன்றுதான். அதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது. ஒரு முடிச்சு போடக்கூட நேரமில்லாமல் போய்விட்டாரா, நம்மை அவ்வளவுதான் மதிக்கிறாரா என்று கோபம். கேட்டைத் தட்டி ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கெட்ட பாலைச் சாக்கடையில் ஊற்றினேன். வந்து பார்க்கட்டும், முடிச்சு இப்படித்தான் போடுவது என்று, பையின் இரண்டு காதையும் இழுத்து நானே இறுக்கி ஒரு முடிச்சு போட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பாய் குடும்பம். அவர் சோபா செய்து விற்கிறவர். வியாழக்கிழமை காலையில் அவர் சம்சாரம் என்னை நிறுத்தினாள். எல்லோரும் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

"பால்காரம்மா, சார் ஊருக்குப் போயிட்டாரா? நேத்து மத்தியானம் அவங்க வூட்டுப் பின்னாடி இன்னாவோ தட்ற சத்தம் கேட்டுச்சு. பாக்கலாம்னு கேட் வரைக்கும் போனேன். முடிச்சு இருந்துச்சா, திரும்பிட்டேன்."

"பொண்ணு வூட்டுக்குப் போய்கீறாரு. அந்தாண்ட வூடு கட்றாங்கோ இல்ல, அந்தச் சத்தமா இருக்கும்" என்றேன்.

அவள் மறுபடி அந்தப் பையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு என்பதே அப்போது எனக்கு நினைவில்லை. முடிச்சுதான் இருக்கிறதே என்று என் மனசும் சொன்னது. பால்காரம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சாரின் மகள் பாய் வீட்டுக்குப் போன் செய்தாள். முந்தின நாள் முழுக்க அப்பா போனை எடுக்கவில்லையாம். திருநீர்மலைக் கோயிலுக்குப் போயிருப்பார் என்று அவளும் நினைத்துவிட்டாளாம். பாய் சுவர் ஏறிக் குதித்தார். அப்போதுதான் பார்த்தோம், கேட்டின் பூட்டு உள்பக்கமாகத் தொங்கியது.

கொல்லைப்புறத்துக் குளியலறையில் கிடந்தார். வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியவில்லை. செருப்பு அந்தக் கதவோரம் இருந்தது. கை எட்டுகிற தூரத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பு. அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. வியாழக்கிழமை பகல் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தாள். முடிச்சு வழக்கம் அவளுக்கும் தெரியும். அழுது ஓய்ந்த பிறகு கேட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா என்கிட்ட வரத்தான் கிளம்பியிருக்கார். முடிச்சு போட்டு ரெடியா வச்சிருக்கார், பாருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். பக்கத்திலேயே பாயம்மா, இந்த முடிச்சைப் பார்த்து ஏமாந்துவிட்டேனே, சத்தம் கேட்டும் திரும்பிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு நானே எத்தனையோ நியாயம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். போனவர் திரும்பி வரப்போவதில்லை. போலீஸ் ஏதாவது கேட்கும். தெருவில் எவரும் என்னிடம் பால் வாங்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் புதன்கிழமை கேட் முன்னால் நின்று நான் நினைத்ததும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அடுத்த தையோடு பால் போடுவதை நிறுத்தினேன். முழங்கால் வலி என்று சொன்னேன். பாயம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். எங்கே எது தட்டுகிற சத்தம் கேட்டாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாளாம். நாலு வருஷமாக நான் சுமக்க வேண்டியதை அவள் சுமக்கிறாள்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும். இந்தத் தெருவில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் தலை நிமிர்ந்து நடந்த அதே நேரத்தில்தான், ஒரு மனுஷர் கீழே கிடந்து சொம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணு, முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. முடிச்சு வருகிற இடத்தில் நானே போட்டேன் என்று இருக்கிறதா பார். எனக்காக வேறு மாதிரி எழுதியிருந்தால் அடித்துவிட்டுச் சரியாக எழுது. அப்புறம் செருப்பைப் போட்டுக்கொள், பாயம்மா வீட்டிலும் போய்ப் படிக்க வேண்டும்.