அண்ணனுக்குச் சமாதானம் வரவில்லை

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, "தைரியமா எடுங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லியே பயந்தாங்கொள்ளிகள் பல பேரை ரோட்டில் இறக்கிவிட்டவர். காரை விட்டு இறங்கினால் ஆள் வேறு. ஒரு சட்டைத் துணி எடுக்கக்கூட அவருக்கு ஒரு வாரம் வேண்டும்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காரியமானாலும் முதலில் ஜெபம் பண்ணுவார். பிறகு மனசுக்குள் சமாதானம் வருகிறதா என்று காத்திருப்பார். வந்தால் அது ஆண்டவர் சொன்ன சரி. வராவிட்டால் ஆண்டவர் வேண்டாம் என்கிறார். வீடு மாறியது, வேலை மாறியது, கல்யாணம் எல்லாமே இப்படித்தான். பெண் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லாமல் அவர் இழுத்த இழுப்பை அண்ணி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்: "இவருக்குச் சமாதானம் வர்றதுக்குள்ள எனக்கு நரையே வந்திருக்கும்."

சபையில் அவருக்கு இதனால் நல்ல பெயர். எனக்கோ எரிச்சல். "காபியா டீயா? இல்ல, ஜெபம் பண்ணிட்டுச் சொல்றியா?" என்று கேட்பேன். சிரித்துக்கொள்வார். ஆண்டவருக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. வேஷம் கிடையாது.

அவருக்கு ஒரே பையன். கல்லூரிக்குப் போக பைக் வேண்டும் என்று நச்சரித்தான். அண்ணன் வழக்கம்போல் ஜெபம் பண்ணினார். ஒரு நாள் காலையில் முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்தார். "முழுச் சமாதானம்மா, இவ்வளவு தெளிவா எனக்கு எதுக்குமே வந்ததில்ல" என்று தங்கை என்னிடம் சொன்னார். வண்டி வாங்கியாயிற்று.

அந்த மழைக்காலத்திலேயே பையன் போய்விட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், மெதுவாகத்தான் வந்தான், அப்பாவிடம் கற்றுக்கொண்ட பிள்ளை. பார்க்காமல் திரும்பிய லாரி ஒன்று அடித்துவிட்டது. அவ்வளவுதான்.

அண்ணன் அழவில்லை. அடக்கம் முடிந்து சில நாளில் வேலைக்குப் போய்விட்டார். "கிளட்ச்சை மெதுவா விடுங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று பழைய குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். எனக்குத்தான் அது சரியாகப் படவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"உள்ள ஒண்ணும் இல்லம்மா," என்றார். "துக்கம் இருக்கான்னு பாத்தா அதுவும் இல்ல. பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு."

"ஜெபம் பண்றியா?"

"பண்றேன். தினமும் பண்றேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. கூடத்து மின்விசிறி நின்றது, நின்றபடியே கிடந்தது. பையனின் அறையைப் பூட்டவும் இல்லை, திறந்து பெருக்கவும் இல்லை, கதவு பாதி சாத்தியபடி இருந்தது. அண்ணி பாட்டுக்குச் சமைத்தார், அண்ணன் பாட்டுக்குச் சாப்பிட்டார். இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அண்ணிக்கு ரொம்ப நாளாகவே சர்க்கரை. செருப்புக்குள் ஒரு கல் புகுந்தது தெரியாமல் நாள் முழுக்க நடந்திருக்கிறார். பாதத்தில் புண். வலிக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்து அலறி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது விரல்கள் கறுத்திருந்தன.

டாக்டரம்மா வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "பாதத்தை எடுத்தாகணும். இப்பவே எடுத்தா கணுக்காலோட போகும். தள்ளிப்போட்டா முழங்கால் போகும். அதுக்கும் மேல தள்ளினா உயிருக்கே ஆபத்து. நாளைக்குள்ள சொல்லுங்க."

அண்ணன் சொன்னார்: "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் டாக்டர்."

எனக்குத் தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாளும் வந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சபை மூப்பர் போன் செய்து, அவசரப்படாதீங்க, ஆண்டவர் பேசுற வரைக்கும் காத்திருங்க என்றார். நான் போனைப் பிடுங்கி, "ஐயா, உங்க கால் நல்லா இருக்குல்ல? அப்ப நீங்க காத்திருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"இன்னும் சமாதானம் வரலையாக்கும்? இப்ப உனக்கு எது வந்தாலும் தெரியுமா அண்ணே?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "தெரியாதும்மா. அதான் பயமா இருக்கு. அன்னைக்கு வந்துச்சு, நம்பினேன். இன்னைக்கு வரலை. வந்தாலும் நம்ப முடியுமான்னு தெரியல."

பிடுங்கிய போனை அவர் கையில் திருப்பி வைத்தேன்.

அண்ணியின் காலில் கட்டுப் பிரிக்க டாக்டரம்மா வந்தார். அண்ணனும் உள்ளே வந்து, கதவோரம் நின்றுகொண்டு, "அவ வலிக்கலைன்னுதானே சொல்றா டாக்டர்?" என்று கேட்டார்.

"வலிக்காததுதான் பிரச்சினையே. உணர்ச்சி செத்துப்போன கால் இது. இதுக்கு என்ன தெரியும்னு இதுகிட்ட கேட்டு முடிவு பண்றீங்க? கிட்ட வாங்க. கண்ணால பாருங்க."

அண்ணன் கிட்டே போனார். அதுவரை அந்தப் புண்ணை அவர் பார்த்திருக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எதுவரைக்கும் பரவியிருக்கிறது, மருந்தில் நிற்க வாய்ப்பு உண்டா, எடுத்தால் மறுபடி நடக்க முடியுமா, எவ்வளவு நாளாகும், இன்னொரு காலை எப்படிப் பார்த்துக்கொள்வது. டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ என்ன சொல்ற?" என்றார்.

அண்ணி அவரையே பார்த்தார். "என்னையா கேக்கறீங்க?"

"ஆமா."

"பைக் வாங்கும்போது கேக்கலையே."

நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"எனக்கு அன்னைக்கு மனசே இல்லங்க," அண்ணி சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா, மழைக்காலம் முடியட்டும், அப்புறம் வாங்கலாம்னு சொல்லியிருப்பேன்."

அண்ணன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஆமா. கேக்கலை," என்றார். கொஞ்சம் கழித்து, "இப்ப கேக்கறேன். சொல்லு."

"பயமாத்தான் இருக்கு. எடுத்துடச் சொல்லுங்க."

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நீளமாக ஜெபம் பண்ணுகிறவர் என்று பெயரெடுத்த மனிதர். அன்றைக்கு, "முடிவு பண்ணிட்டோம் ஆண்டவரே. கூட இரும்," என்பதோடு முடித்துக்கொண்டார்.

எழுந்தவரிடம் நான் கேட்டேன். சத்தியமாகக் கிண்டல் இல்லை. "சமாதானம் வந்துச்சா அண்ணே?"

"இல்லம்மா," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனார்.

அன்று மதியமே அறுவை சிகிச்சை. கணுக்காலோடு போயிற்று, முழங்கால் தப்பியது. நர்ஸ் வெளியே வந்து அதைச் சொன்னபோது அண்ணன் தலையை ஆட்டினார். நர்ஸ் உள்ளே போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன அண்ணே?"

"மழைக்காலம் முடியட்டும்னு சொல்லியிருப்பாளாம்," என்றார். "அவ்வளவுதான் சொல்லியிருப்பாளாம்."

அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பையன் போன பிறகு அண்ணன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நடைபாதையில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.